போதும் என்று சொல்பவன்

விரல் ஒன்றரைதான் நுழைகிறது. மூன்று நுழைய வேண்டுமாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும் ஒன்றாகச் சேர்த்து, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே விட்டுப் பாருங்கள் ஐயா என்று மருத்துவர் ஜெபசீலி சொன்னபோது, எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பரீட்சையா என்று சிரிக்கத்தான் முற்பட்டேன். சிரிப்பு வந்தது, வாய் வரவில்லை. உதடுகள் மட்டும் இரு பக்கமும் இழுபட்டன, தாடை தன் இடத்திலேயே நின்றது. நேத்து முற்றோதல் தாயி, என்று நானே காரணத்தை எடுத்துக் கொடுத்தேன். பதிகத் தொகுதி ஒன்றை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே அமர்வில் ஓதி நிறைவு செய்வது. விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கி மாலை ஆறரை வரை, நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி. முன்னோதுபவன் நான், என் குரலைப் பற்றிக்கொண்டு பின்னால் நாற்பது பேர். பதின்மூன்று மணி நேரம் ஓயாது அசைந்த தாடை மறுநாள் கட்டிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும் என்றேன். "பாடுனா தொண்டைதான கட்டும், தாடை எதுக்குக் கட்டுது?" என்றாள் ஆவுடையம்மாள், என் மனைவி, கட்டிலருகே போட்ட முக்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தவள். "காலைல இட்லியப் பிட்டு வாய்ல வைக்க முடியல டாக்டரம்மா. உதட்டுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. பச்சப்புள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுனேன். அதுக்கும் கோவம் வேற வருது இவாளுக்கு." மருத்துவர் சிரிக்கவில்லை. என் கழுத்தின் பின்புறத்தை இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்தாள். "ஐயா, சமீபத்துல காயம் ஏதாவது பட்டுச்சா? ஆணி, முள்ளு, தகரம், இப்பிடி ஏதாவது?" இல்லை என்றேன். ஒன்றரை விரல் அளவே திறக்கும் வாய் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு தாராளமாகத் திறந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இடுப்பிலிருந்து கீழே வெள்ளைப் போர்வை. அதற்குள் வலது பாதம். பாதத்தின் அடியில், விரல்கள் தொடங்கும் மேட்டுக்குச் சற்றுக் கீழே, போன வாரத்துக் கோயில் உழவாரப் பணியில் ஆணி ஏறிய இடம். அதை ஆவுடை அறியாள். மூட்டுவலி என்று சொல்லித்தான் நொண்டினேன். மருத்துவரும் அறியாள். நானும் அந்தப் போர்வையும் அறிவோம்.

பெரிய மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கிறார், பன்னிரண்டரைக்கு வருவார், அதுவரை சத்தமில்லாமல் படுத்திருங்கள் என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினாள் ஜெபசீலி. பகல் வெளிச்சம் கண்ணாடியில் பாலாடைபோல் மங்கி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டாக இன்னும் கால் மணி. என்ன சந்தேகம் என்று கேட்டேன். "ரண ஜன்னியா இருக்குமோன்னு பாக்கேன் ஐயா. டெட்டனஸ்." சிவ சிவா என்று ஆவுடை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அச்சம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று முண்டியடித்து வந்துவிட்டது. அது எப்படி அம்மா உள்ளே போகும்? "எதுங்கய்யா?" அந்த நஞ்சு. அவள் சன்னலை விட்டுக் கட்டிலருகே வந்தாள். "இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. வீட்டுக்கு எப்பப் போலாம்னுதான் கேப்பாங்க." பிறகு என் பெயரெழுதிய சீட்டையே பின்புறமாகத் திருப்பிப் பேனாவால் வரையத் தொடங்கினாள், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, குற்றாலலிங்கம், ஆண், எழுபத்திரண்டு என்பதன் முதுகில் நஞ்சின் வழித்தடம். கிருமி எங்கும் போவதில்லை என்றாள். அது புகுந்த இடத்திலேயே குந்தியிருக்கும். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் விதைபோல் ஆண்டுக்கணக்கில் உறங்கும். காற்றுப் படாத ஆழம் கிடைத்தால்தான் கண் விழிக்கும். விழித்துக்கொண்டு ஒரு புரதத்தைச் செய்யும், அவ்வளவுதான் அதன் வேலை, பயணமெல்லாம் அந்தப் புரதத்துக்கு. ஒரு பெரிய துண்டு, ஒரு சிறிய துண்டு, இரண்டையும் சேர்த்து ஒரு கண்ணி. பெரிய துண்டு நரம்பின் நுனியில் இருக்கும் வாசலை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். நரம்பு அதைச் சிறு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பை நரம்பு வழியாகவே முதுகுத்தண்டுக்கு ஏறும். அங்கே ஒரு நரம்பிலிருந்து இறங்கி அடுத்த நரம்பின் பைக்குள் புகும். "அந்தப் பைக்குள்ள புளிப்பு ஏறும் ஐயா. புளிப்பு ஏறுனதும் பெரிய துண்டு பையோட சுவத்துல ஒரு வழி பண்ணும். சின்னது அதுல நுழைஞ்சு வெளிய வந்துரும்." புளிப்பா என்று ஆவுடை நிமிர்ந்தாள். "நேத்து மத்தியானம் அங்க மோர்க்குழம்புதான் ஊத்துனாங்க. அப்பமே நெனச்சேன், ரெண்டாவது தடவ கேட்டு வாங்காதீங்கன்னு." அப்போதுதான் ஜெபசீலி முதல் முறையாகச் சிரித்தாள்.

சீட்டு என் மார்பின் மேல் இருக்கிறது. அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் அந்தக் கோட்டின் மீது விரலை வைத்து ஏறிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோர் ஆண்டுகள், வெளியூர்த் தொலைபேசிகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவனுக்குக் கம்பி என்றால் என்ன என்று தெரியும். ஒரு முனையில் ஒருவர் பேசுவார், மறுமுனையில் ஒருவர் கேட்பார், நடுவே நாங்கள் அமர்ந்து செருகியை மாற்றி மாற்றிச் செருகுவோம். ஆனால் நான் அறிந்த கம்பிகளில் சொல் மட்டுமே போயிற்று. கம்பிக்குள் ஒரு பொருள் ஏறி, ஒரு பையில் படுத்துக்கொண்டு, கேட்கும் முனையிலிருந்து பேசும் முனைக்கு எதிர்த்திசையில் பயணம் செய்வதை நான் நினைத்ததில்லை. கீழிருந்து மேலே. பாதத்திலிருந்து முதுகுக்கு. அதுவும் திருட்டுத்தனமாக அன்று. நரம்பே இழுத்துக்கொள்கிறது என்றாளே, நரம்பே. இந்த இடத்தில் என் எண்ணம் மாட்டிக்கொண்டது, வேட்டி முனை கதவிடுக்கில் மாட்டிக்கொள்வது போல, முன்னே போகாமல் திரும்பித் திரும்பி அங்கேயே. நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் விடியலில் உரைகளோடு பதிகம் படிப்பவன் நான். இறைவன் அழையாமலே அடியவன் உள்ளத்துள் புகுந்துவிட்டான் என்று வரும் இடங்கள் எத்தனை. அங்கெல்லாம் பழைய உரைகாரர் இருவர் இரு பக்கமாகப் பிரிவார்கள். புகுந்தவன் வலியன், தாழை உடைத்தான் என்பார் ஒருவர். இல்லை, தாழ் உள்ளிருந்துதான் திறக்கப்பட்டது, உள்ளத்தின் இயல்பே அவனை ஏற்பது, அவன் செய்ததெல்லாம் வாசலில் வந்து நின்றதுதான் என்பார் மற்றவர். நான் எப்போதும் இரண்டாமவர் பக்கம். அதையே சொற்பொழிவுகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது இந்தப் பேனாக் கோடு அதே வாக்கியத்தை என்னிடம் சொல்கிறது: வாசலில் வந்து நின்றது, உள்ளிருந்து திறக்கப்பட்டது. நரம்புக்கு வந்தவன் யார் என்று தெரியாது. வாசலில் சரியான இடத்தில் கை வைக்கத் தெரிந்தவனெல்லாம் அதற்கு விருந்தினன். அப்படியானால் இத்தனை காலம் நான் வியந்து கண்ணீர் மல்கியது புகுந்தவனின் பெருமைக்கா, அல்லது எவரையும் ஏற்றுவிடும் வாசலின் பேதைமைக்கா? இந்த ஐயம் எனக்குத் தகாது. தகாது என்று தெரிந்தும் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சுவையாக இருக்கிறது. ஒருவேளை புகும் வழி இருவருக்கும் ஒன்றுதான். புகுந்த பின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அருளும் நஞ்சும் பிரிகின்றனவோ.

என்ன செய்கிறது? அதையும் அவள் போகும் முன்பே கேட்டிருந்தேன். சிறிய துண்டு ஒரு கத்தரிக்கோல் என்றாள். முதுகுத்தண்டில் சில நரம்பணுக்கள் இருக்கின்றன, அவற்றின் வேலை ஏவுவது அன்று, நிறுத்துவது. கையை நீட்டு என்று ஒரு நரம்பு ஏவினால், எதிர்த்தசையை நோக்கி நீ சும்மா இரு என்று இன்னொரு நரம்பு சொல்ல வேண்டும்; வாயைத் திற என்று ஏவினால், மூடும் தசைக்குப் போதும் விடு என்று ஒருவன் சொல்ல வேண்டும். அந்தப் போதும் என்ற சொல் சிறு சிறு உறைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். உறையை வாசலோடு கோத்துத் திறக்க ஒரு புரதம் உண்டு. அதைத்தான் இது வெட்டுகிறது. வேறெதையும் தொடுவதில்லை. "ஒரே இடத்துல வெட்டும் ஐயா. ஒண்ண வெட்டிட்டு அடுத்ததுக்குப் போவும். அந்த நரம்பு சாகாது. நல்லா உசுரோடதான் இருக்கும். சொல்ல வேண்டியதச் சொல்ல முடியாம இருக்கும், அவ்வளவுதான்." உறைகள் நிறைந்திருக்கும், உள்ளே சொல் நிறைந்திருக்கும், திறப்பவன் இல்லை. அதனால் ஏவுகின்ற எல்லா நரம்பும் ஏவிக்கொண்டே இருக்கும், எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் கீழ்ப்படியும், கீழ்ப்படிந்து கீழ்ப்படிந்தே எலும்பை முறிக்கும். நஞ்சு என்றால் ஏதோ ஒன்றைப் புதிதாக ஊட்டுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது ஒன்றையும் ஊட்டவில்லை. உள்ளே இருந்த ஒரு பணிவான குரலை மட்டும் நிறுத்திவிட்டது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர் நாற்காலியில் இருப்பவருக்கு அதுதான் வேலை. மூன்று நிமிடம் ஆயிற்று, போதும் என்று சொல்லிச் செருகியைப் பிடுங்குவது. அவரை எல்லாரும் வெறுப்பார்கள். நானே பின்னாளில் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். ஒருநாள் காய்ச்சலில் நான் வராமற்போக, யாரும் யாரையும் நிறுத்தாமல், திருச்சி தடமும் மதுரை தடமும் மாலை வரை அடைத்துக்கொண்டு கிடந்தன. இறந்தவர் வீட்டுச் செய்தி ஒன்று நான்கு மணி நேரம் காத்துக் கிடந்தது. ஓதுவது பெரிது என்றே வாழ்ந்துவிட்டேன். உடம்புக்குள் ஒவ்வோர் அசைவுக்கும் அடியில் ஒருவன் மெல்லப் போதும், போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான், எழுபத்திரண்டு ஆண்டுகளாக, அவன் ஒருவன் இருப்பதே எனக்குத் தெரியாது. வெளியே தாழ்வாரத்தில் எவரோ தட்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். என் முதுகு கட்டிலிலிருந்து எழும்பி மீண்டது. நான் எழுப்பவில்லை. ஒரு கணம்தான், வில்லில் நாணை இழுத்து விட்டதுபோல. ஆவுடை கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. சத்தத்துக்கு யாரும் திடுக்கிடுவார்கள். யாரும்தான். ஆனால் திடுக்கிட்ட பின் தளர்வார்கள், என் முதுகில் பாதி இன்னும் தளரவில்லை.

போன வாரம், கோயிலின் கிழக்கு வெளிப் பிரகாரம். திருவிழாப் பந்தலைப் பிரித்தவர்கள் மூங்கிலை எடுத்துக்கொண்டு ஆணிகளை விட்டுப் போயிருந்தார்கள். தரையெல்லாம் நெருஞ்சி, கோரை முழங்கால் உயரம். கோசாலை மாடுகள் மேய்ந்து சாணம் காய்ந்து மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது. அங்கே செருப்பணிவார் எவருமில்லை. கோயில் நிலத்தைச் செதுக்கும் உழவாரப் பணிக்கு வெறுங்காலோடு வருவதுதான் வழக்கம், முப்பது பேரும் அப்படித்தான். உழவாரத்தை மண்ணுக்குள் செலுத்தி ஓர் அடி பின்வைத்தேன். வலி இல்லை முதலில். ஏதோ ஒன்று என்னை நிலத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டதுபோல் ஒரு வியப்பு. பிடுங்கியபோது ஆணி துருவேறி, இரண்டு அங்குலம். ரத்தம் சொட்டு சொட்டாக வந்தது. தாணுமாலயன் ஓடி வந்தான்; பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். "அண்ணாச்சி, துரு ஆணி. ஒரு ஊசியப் போட்டுட்டு வந்திருவமே. பத்து நிமிசம் டீக்கு நிப்பாட்டுத மாதிரிதான், சாமி ஒண்ணும் விட்டுட்டுப் போயிராது." எல்லாரும் உழவாரத்தை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்தேன். சந்நிதி விளக்கிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் குழைத்து அந்தத் துளை முழுவதும் நிரப்பி, பெருவிரலால் அமுக்கி, மேலே துணியைச் சுற்றி இறுக்கினேன். ரத்தம் நின்றது. நீறு இருக்க ஊசி எதற்கு தாணு, இதற்கு மேல் ஒரு மருந்தை நான் அறியேன் என்றேன். சொன்ன விதம் நன்றாக அமைந்துவிட்டது. கூட்டத்தில் ஓர் அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலைவரை அந்த வாக்கியத்தின் இனிப்பு என் நாக்கில் இருந்தது. மூன்று நாளில் மேலே தோல் மூடிக்கொண்டது. பாதத்தை என் மடியில் மடக்கி வைத்துத் தாணுவிடம் காட்டினேன், பார்த்தாயா என்று. அவன் கும்பிட்டான். காற்றுப் படாத ஆழம் கிடைத்தால்தான் கண் விழிக்கும் என்கிறாளே இந்தப் பெண். ரத்தம் வழிய விட்டிருந்தால், கழுவித் திறந்து வைத்திருந்தால், காற்றுப் போயிருக்கும். நமக்கு உயிரான காற்று அதற்கு நஞ்சு. நான் அதன் வாசலைச் சாத்தி, எண்ணெயிட்டு, இறுக்கிக் கட்டி, அது நிம்மதியாக இருக்க வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுத்திருக்கிறேன். இல்லை. நீறு எரிந்தது. சாணம் நெருப்பில் வெந்து வெண்மையானதுதான் நீறு. அதில் எந்தக் கிருமி பிழைக்கும்? ஆணியில் இருந்தது, மண்ணில் இருந்தது. நீற்றின் மேல் குற்றமில்லை. ஆனால் சொன்னால் எல்லாரும் என்ன கேட்பார்கள்? எதை வைத்து அடைத்தார் என்றுதானே. நாளைக்கு யாராவது நெற்றியில் இட்டுக்கொள்ளக் கை வைக்கும்போது என் நினைவு வந்து அந்தக் கை அரை நொடி தயங்கினால், அந்த அரை நொடிக்கு நான் எங்கே போய் விடை சொல்வேன். ஆகவே இல்லை என்றேன். ஆகவே முற்றோதல் என்றேன். ஒருவேளை முற்றோதலாகவே இருக்கலாம். பதின்மூன்று மணி நேரம். இருக்கலாம்.

ஆனால் கால் தூரத்தில் இருக்கிறதே, தாடை அல்லவா முதலில் இறுகியது? இது என் பக்கத்துக்கு நல்ல வாதம் என்று தோன்றியது. கிடைத்த மகிழ்ச்சியில், ஜெபசீலி ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது கேட்டே விட்டேன். ஒருவேளை ஒருவனுக்குக் காலில் காயம் என்று வைத்துக்கொள்வோம், கால்தானே முதலில் இறுக வேண்டும், தாடை எப்படி? பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள், நஞ்சு காயத்துக்குப் பக்கத்து நரம்பில் மட்டும் ஏறாது, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுதும் எல்லா நரம்பு நுனிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பிறகு எல்லாம் மேலே ஏறத் தொடங்கும். தாடை நரம்புதான் மிகவும் குட்டை, அதனால் அந்த வழியாகப் போனது முதலில் போய்ச் சேர்ந்துவிடும். குட்டைத் தடம் முதலில் கிடைக்கும். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் அமர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். என் வாதம் அப்படியே திரும்பி வந்து என்மேல் உட்கார்ந்தது, ஆனாலும் அதன் நேர்த்தியைக் கண்டு மகிழாமல் இருக்க முடியவில்லை. அப்படியானால் கால்வழி வருவது இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. "ஐயா, காலுன்னு ஏன் சொன்னீங்க?" அவள் கை பம்பை அழுத்துவதை நிறுத்தியிருந்தது. உதாரணத்துக்கு அம்மா. "இப்பிடித்தான் டாக்டரம்மா," என்றாள் ஆவுடை, "ஒரு கேள்வி கேட்டா ஒம்பது உதாரணம். கல்யாணத்தன்னிக்கே எங்கய்யா சொன்னாரு, மாப்பிள்ள படிச்சவரு, நீ பதில எதிர்பாக்காதன்னு." அவள் விளையாட்டாகத்தான் பேசினாள், குரல் மட்டும் விளையாட்டாக இல்லை. நான் பார்க்காதபோது என் முகத்தையே பார்க்கிறாள். இழுபட்டு நிற்கும் இந்த உதடுகளை. பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. நாற்பத்தாறு ஆண்டுகளாக அவளுடைய பேச்சுக்கு நான்தான் மறுமுனை. ஜெபசீலி பட்டையை அவிழ்த்தாள். "மாத்துமருந்து ஊசி ஃபிரிட்ஜில ரெடியா இருக்கு. ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்க நஞ்ச அது பிடிச்சிரும். நரம்புக்குள்ள போயிட்டத அதால ஒண்ணும் செய்ய முடியாது. காயம்னு ஒண்ணு தெரிஞ்சிருந்தா இப்பமே போட்டுருவேன் ஐயா. அதத் தெறந்து கழுவவும் செய்யணும், இல்லன்னா உள்ள உக்காந்து செஞ்சுக்கிட்டே இருக்கும். சும்மா தாடை வலிக்குன்னா, பெரிய டாக்டர் பாக்காம நானா ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டுச் சற்று நின்றாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு பத்து. வெளியே இருக்கும் நஞ்சைப் பிடிக்கலாம், உள்ளே போனதைப் பிடிக்க முடியாது. நஞ்சை உண்டவன் அதைக் கண்டத்திலேயே நிறுத்திக்கொண்டான் என்று ஆயிரம் முறை ஓதியிருக்கிறேன். கண்டம் என்பது வாசல், உள்ளும் அல்ல, வெளியும் அல்ல. அங்கே நிறுத்த முடிந்தால் நஞ்சு அணிகலன், ஒரு விரற்கடை தாண்டினால் நஞ்சு நஞ்சேதான். இந்த நிமிடத்தில் எத்தனை வாசலில் எத்தனை நிற்கின்றன? ஒரு பையில் ஒன்று. இன்னொரு பையில் இன்னொன்று. நான் இதை எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுக்கப்படுவது எத்தனை. இப்போதே சொல்லிவிட்டால் நிற்பவை நிற்கும். சொல்லத்தானே வேண்டும், ஒரு வாக்கியம், காலில் ஆணி என்று இரண்டே சொல் போதும், நீற்றைப் பற்றிச் சொல்லக்கூடத் தேவையில்லை. ஆனால் திறந்தால் தெரிந்துவிடும், உள்ளே இருக்கும், வெள்ளையாக. தெரியட்டுமே. என்ன தெரியும்? நீறு தோற்றது என்று தெரியுமா? நீறு எப்போது பந்தயத்துக்கு வந்தது? அதை யார் இழுத்து வந்து துருவாணிக்கு எதிரே நிறுத்தியது? நெற்றிக்கு உரியதை, உடம்பு கடைசியில் சாம்பல்தான் என்று நினைவூட்ட வந்ததை, உடம்பைக் காக்கும் மருந்தாகத் துளையில் அடைத்தவன் யார்? தாணு சொன்னானே, சாமி விட்டுட்டுப் போயிராது என்று. அவன் பக்தி டீ குடிக்க இறங்கி ஏறும் அளவுக்கு உறுதியாக இருந்தது. என்னுடையதுதான் இறங்க அஞ்சியது. நீற்றைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இந்த அரை மணி நேரமாக நான் காப்பாற்றிக்கொண்டிருப்பது என் வாக்கியத்தை. அந்த அம்மாள் கண் துடைத்த வாக்கியத்தை. உள்ளே நிறைய உறைகள், உள்ளே சொல், திறப்பவன் இல்லை என்று எவரைப் பற்றியோ படிப்பதுபோல் அல்லவா படித்தேன். என் தொண்டை இறுகுகிறதா, எச்சில் விழுங்க இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது. ஆவுடை என்றேன். ஆ மட்டும் வந்தது. அவள் தண்ணீரை நீட்டினாள்.

ஜெபசீலி கையில் கைபேசியும் ஒரு தட்டையான மரக்குச்சியுமாக வந்தாள். ஐஸ் விற்பவர் தரும் குச்சியைப் போன்றது, சற்று அகலம். "ஐயா, பெரிய டாக்டருக்கு இன்னும் நேரமாவும். குச்சி வச்சு ஒரு சோதனை பண்ணச் சொல்லுதாரு. தொண்டைக்குப் பின்னால லேசாத் தொடுவேன். குமட்டுச்சுன்னா கவலை இல்ல. எம்மேல வாந்தி எடுத்தாலும் சந்தோசந்தான்." குமட்டாவிட்டால் என்று ஆவுடை கேட்டாள். ஜெபசீலி கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் குச்சியை நிமிர்த்தினாள். நான் கையை உயர்த்தினேன். நில் அம்மா, அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இது சோதித்து அறிய வேண்டியதே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்களை வாய்க்குள் வரிசையாக நிறுத்தினேன். மூச்சை இழுத்தேன். முழு வலிமையையும் கூட்டித் தாடையைக் கீழே தள்ளி வாயைத் திறந்தேன், இரண்டு விரல் அளவுக்குத் திறந்துவிட்டது, எனக்கே வியப்பு. "அப்பிடித்தான் ஐயா, நல்லாத் தெறந்துட்டீங்களே," என்று சொல்லிக்கொண்டே அவள் குச்சியை உள்ளே விட்டாள். அது நாக்கின் வேரைத் தாண்டி ஒரு புள்ளியைத் தொட்டது. குமட்டலுக்காகக் காத்திருந்தேன். அது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும், வயிற்றின் மேற்பக்கத்திலிருந்து ஓர் அலை. அலை வரவில்லை. பற்கள் குச்சியின் மேல் விழுந்தன. நான் கடிக்கவில்லை, இதை எந்தச் சந்நிதியிலும் சொல்வேன், கடி என்று என்னிலிருந்து ஒரு சொல்லும் போகவில்லை, விடு என்றுதான் போயிற்று, விடு, விடு, போதும். யாரும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மரம் பல்லுக்கடியில் நெரிந்தது. அவள் இழுத்தாள், வரவில்லை. அவள் முகத்தில் இருந்த இளமை சட்டென்று மறைந்து வேலை தெரிந்த ஒரு முகம் வந்தது. சிஸ்டர் என்று கதவின் பக்கம் மெல்லிய குரலில் அழைத்தாள், சத்தம் போடாமல், என்னைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்ற கவனத்தோடு. "ஐயா, என்னையப் பாருங்க. காயம் எங்க? கண்டிப்பா எங்கயோ இருக்கு. எங்க?" வாய்க்குள் இருந்த வாக்கியம் குச்சியைச் சுற்றி மூக்கொலியாகக் கரைந்தது. இன்னும் ஒரு வழி இருந்தது, ஆனால் அதற்கு என் கால் கூசியது. எழுபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒரு மனிதரை நோக்கிக் கால் நீட்டியதில்லை. புத்தகம் இருக்கும் திசையில் கூட நீட்டிப் படுத்ததில்லை. போர்வையை உதறினேன். வலது காலை எடுத்து, பாதம் முழுவதும் அவள் முகத்துக்கு நேரே தெரியும்படி, நீட்டினேன். "என்னங்க இது," என்று ஆவுடை எழுந்தே விட்டாள், "டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கிக்கிட்டு, என்ன புத்தி இது..." அவள் குரல் பாதியில் நின்றது. பாதத்தின் அடியை அவளும் பார்த்துவிட்டாள். முக்காலி விழாமல் மெதுவாக அதைப் பின்னுக்குத் தள்ளினாள், சத்தம் கூடாது என்று அவளுக்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "மூட்டுவலின்னுல்லா சொன்னீங்க," என்றாள். ஜெபசீலி கட்டில் நுனியில் அமர்ந்து என் பாதத்தை இரண்டு கைகளாலும் ஏந்தித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தியபோது உள்ளே ஆழத்தில் ஒரு சூடு விண்ணென்று தெறித்தது. "ஊசிய எடுங்க சிஸ்டர். பெரிய டாக்டருக்கு நான் சொல்லிக்கிடுதேன். தெறந்து கழுவுததுக்கும் எல்லாம் எடுத்து வைங்க." பிறகு என்னை நோக்கிக் குனிந்தாள், அதட்டவில்லை. "எத்தன நாள் ஆச்சு ஐயா?" வாய் இன்னும் அந்த மரத்தை விடவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் உயர்த்தினேன். வலக்கையில் ஐந்து விரல், இடக்கையில் மூன்று. சொன்ன அளவுக்கு நிமிர்ந்தன, மடங்க வேண்டியவை மடங்கின, போதும் என்ற இடத்தில் நின்றன.